உரிய புரிதல்

இரண்டாவது முறையும் எனியோனம் தோற்றபோது கழகம் அவளுக்கு அனுதாபம் தெரிவித்தது. சட்டம் அவளுக்குத் தெரியும், அதில் ஐயமில்லை, வாசித்ததைப் புரிந்துகொள்ளும் திறன்தான் போதவில்லை என்று பதிவாளர் அலுவலகத்துச் சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது புரிந்ததா என்றும் கேட்டாள்.

தேசிய வழக்கறிஞர் கழகம் கொஃபோரிடுவா நகரில் ஒரு குன்றின் மேல் இருந்தது. நாட்டின் எந்த மூலையில் சட்டம் படித்துத் தேறினாலும், இந்தக் குன்றின் மேல் ஓராண்டு உட்கார்ந்து எழுந்தவருக்குத்தான் கறுப்பு அங்கி. உட்கார வேண்டுமானால் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மூன்று முறை எழுதலாம். மூன்றாவது முறையும் தோற்றவர் வாழ்க்கையில் வேறு என்னவாகவும் ஆகலாம். அமைச்சர்கூட ஆகலாம். வழக்கறிஞர் ஆக முடியாது.

எனியோனம் நசவாம் என்ற சிற்றூரில் ஒரு வயதான வழக்கறிஞரிடம் ஒன்பது ஆண்டுகளாக உதவியாளராக இருந்தாள். மனுக்களை அவள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பார்வை மங்கிய பிறகு, எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலைப் பிடித்து வைத்ததும் அவள்தான். சாலையோரம் ரொட்டி விற்கும் பெண்கள் அவளை வக்கீலம்மா என்றே கூப்பிட்டார்கள். சீனியர் ஒவ்வொரு முறையும் திருத்தினார்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு அவர் தன் முடிவைச் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் குமாசியில் மகள் வீட்டுக்குப் போகிறார். அவள் கழகத்தில் சேர்ந்துவிட்டால் அலுவலகம், அலமாரி, கட்சிக்காரர்கள் எல்லாம் அவளுக்கு. இல்லையென்றால் கால்பந்துப் பந்தயம் கட்டும் கடை வைக்க ஒருவன் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

"நான் என்னம்மா பண்றது, அவன் தேர்வு எதுவும் எழுத வேண்டியதில்லையே" என்றார்.

இருமுறை தோற்றவர்கள், மூன்றாவது முறை எழுதுவதற்கு முன் கழகத்தின் வாசிப்புப் புரிதல் மேம்பாட்டுப் பிரிவில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. பிரிவின் தலைவர் டாக்டர் லாம்ப்டி. வாசிப்பைப் பற்றி ஆறு நூல்கள் எழுதியவர். ஆறும் பயிற்சியின் பாடநூல்கள் என்பதால் ஆறும் விற்றன.

சனிக்கிழமைதோறும் வகுப்பு. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கீழாடையும் அணிந்து வர வேண்டும். முதலில் ஜெபம். பிறகு ஒரு பழுப்பு உறையிலிருந்து வாசிப்புப் பகுதி வெளியே எடுக்கப்படும். எழுதியவர் நீதிபதி என்றால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அமைச்சர் என்றால் எழுந்து நின்று தலை குனிய வேண்டும். அவருடைய பட்டங்களும் பதவிகளும் வாசிக்கப்படும். இதற்குச் சில நாட்களில் மதிய உணவு நேரம் வரை ஆகிவிடும். அதன் பின் கண்ணை மூடிக்கொண்டு, எழுதியவர் வகிக்கும் பதவியைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்த வேண்டும். நேரம் மிஞ்சினால் பகுதியை வாசிக்கலாம்.

எனியோனம் முதல் நாளே பகுதியை முதலில் வாசித்துவிட்டாள். பயிற்சியில் அவள் பெற்ற முதல் கண்டனம் அது.

புரிதலில் மூன்று படிகள் உண்டு என்று லாம்ப்டி கற்பித்தார். எழுதியிருப்பதைப் புரிந்துகொள்வது சிறு புரிதல். எழுதாமல் விட்டதைப் புரிந்துகொள்வது பெரும் புரிதல். எழுதியவருடைய தகுதிக்கு எது பொருந்துமோ அதைப் புரிந்துகொள்வது உரிய புரிதல். மதிப்பெண் மூன்றாவதற்கு மட்டுமே.

ஒரு சனிக்கிழமை அமைச்சர் ஒருவரின் அறிக்கையைக் கொடுத்தார். மழை பெய்தது, சாக்கடை அடைத்திருந்தது, சந்தைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று அதில் இருந்தது. ஆசிரியர் சொல்லவருவது என்ன என்று கேட்டார்.

எனியோனம் எழுந்து, சந்தைக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றாள்.

"உக்காரும்மா" என்றார் லாம்ப்டி. அவர் குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "தண்ணி வந்துச்சுன்னு கோழிக்குக்கூடத் தெரியும். தண்ணி வந்ததும் அது கூரைமேல ஏறிடும். நீ கோழியா, வக்கீலா?"

ஃபூசேனி கை தூக்கினான். வடக்கே டமாலேயிலிருந்து வந்த இளைஞன். பகுதியை அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தைக்கே குடிநீர் கொண்டுவந்த அரசின் நீர்வளத் திட்டத்தை ஆசிரியர் அடக்கத்துடன் குறிப்பிடுகிறார் என்றான். லாம்ப்டி கண்ணை மூடிச் சற்று நேரம் அப்படியே இருந்தார். வகுப்பு கைதட்டியது.

மதியம் இருவரும் வாசலில் நின்று இலையில் மடித்த வாச்சே என்ற பயறுச் சோற்றைச் சாப்பிட்டார்கள். எப்படி இதைச் செய்கிறாய் என்று அவள் கேட்டாள்.

"நீங்க வாசிக்கிறீங்கக்கா, அதான் சிக்கல்" என்றான் ஃபூசேனி. "பெரியவர் எழுதினா வாசிக்கவா செய்வாங்க? எங்க ஊர்ல தலைவர் பேசினா பக்கத்துல ஒருத்தர் நின்னு எடுத்துச் சொல்வார். தலைவர் இருமினாகூட அதுக்கு அவர் அர்த்தம் சொல்வார். நான் அவர் மகன்."

எனியோனம் அதன் பிறகு முயன்றாள். உரிய புரிதலைப் பயின்றாள். நசவாமில் ஒரு கடன் பத்திரத்தை உரிய புரிதலோடு வாசித்துக் காட்டியதில், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்று சேர்ந்து சீனியரிடம் புகார் செய்தார்கள். அதோடு அலுவலகத்தில் நிறுத்திக்கொண்டாள். சனிக்கிழமைகளில் மட்டும் செய்தாள். பயிற்சியின் முடிவில் அவளுக்கு "முன்னேற்றம் தெரிகிறது" என்ற சான்றிதழ் கிடைத்தது.

தேர்வு கழகத்தின் பெரிய மண்டபத்தில் நடக்கவில்லை. எழுதியவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். பக்கத்துக் கால்பந்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள்.

வாசிப்புப் பகுதியாக அந்த ஆண்டு வந்தது கழகத்தின் தலைவர், ஓய்வுபெற்ற நீதியரசர் டொன்கோர் ஆற்றிய உரை. ஒரு வங்கி அவர் உட்காருவதற்கு உயர்ந்த முதுகு கொண்ட தோல் நாற்காலி ஒன்றை அன்பளிப்பாகத் தந்த விழாவில் பேசியது. உரையின் முதல் பக்கம் முழுவதும் மேடையில் இருந்தவர்களின் பெயர்கள். இரண்டாம் பக்கத்தில் இது இருந்தது:

"எங்கள் மண்டபத்தில் இருநூற்று எண்பது நாற்காலிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இருநூற்று எண்பத்தோராவது ஆளை நான் எங்கே உட்கார வைப்பேன்? என் மடியிலா? (சிரிப்பு.) ஆகவே தேர்வு முடிந்ததும் முதலில் நாற்காலிகளை எண்ணுகிறோம். பிறகுதான் விடைத்தாள்களைத் திருத்துகிறோம். நாற்காலிகள் தீர்ந்த இடத்தில் தேர்ச்சியும் தீர்ந்துவிடும். (பலத்த சிரிப்பு.)"

சுருக்கெழுத்தாளர் எழுதிய சிரிப்புகளையும் வினாத்தாளில் அப்படியே அச்சிட்டிருந்தார்கள். பதினோராவது கேள்வி, மண்டபத்தில் இருந்தோர் ஏன் சிரித்தார்கள் என்பது. தலைவரின் தொலைநோக்கை எண்ணி மகிழ்ந்து என்று எனியோனம் குறித்தாள். அது சரியான விடை.

பன்னிரண்டாவது கேள்வி இது. ஆசிரியரின் கருத்துப்படி, பெரும்பாலான தேர்வர்கள் தோல்வியுறக் காரணம் என்ன? (அ) வாசிப்புப் பழக்கம் குன்றியது. (ஆ) இளைஞர்களின் ஒழுக்கக் கேடு. (இ) கைப்பேசி. (ஈ) நாற்காலிப் பற்றாக்குறை.

அவள் அந்தப் பத்தியை மூன்று முறை வாசித்தாள். லாம்ப்டியை நினைத்தாள். (அ) என்று அவளுக்குத் தெரியும். மைதானத்தில் மூவாயிரம் பேரும் (அ)வை நோக்கிப் பேனாவைக் கொண்டுபோவது அவளுக்குக் காதில் கேட்பது போலிருந்தது. ஆனால் தலைவர் என்ன சொன்னார் என்பதல்லவா கேள்வி? அவர் நாற்காலி என்கிறார். வாசிப்பு என்ற சொல்லே அந்த உரையில் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக, பார்வை மங்கிவரும் ஒரு கிழவருக்கு, தாளில் இருப்பதை இருக்கிறபடி வாசித்துக் காட்டிய பழக்கம் அவளை விடவில்லை. (ஈ) என்று குறித்தாள்.

முடிவு வந்தது. இருநூற்று எண்பது பேர் தேறினார்கள். எனியோனம் ஒரே ஒரு கேள்வியில் தோற்றாள். ஃபூசேனி தேறினான்.

மேல்முறையீடு செய்யத் தோற்றவருக்கு உரிமை உண்டு. உரையை எழுதியவருக்கே அதன் பொருள் நன்றாகத் தெரியும் என்பதால் மேல்முறையீட்டை நீதியரசர் டொன்கோரே விசாரித்தார். புதிய தோல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது மிக உயரமாக இருந்ததால் அவருடைய கால்கள் தரையைத் தொடவில்லை. கழகத்தார் ஐந்து பேர் இருபுறமும் இருந்தார்கள். எனியோனம் நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையில் அவளுக்கு நாற்காலி போடவில்லை.

அவள் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினாள். இதைத் தாங்கள் சொன்னீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள்.

"சொன்னேன்" என்றார் டொன்கோர். "நல்லாவே சொன்னேன். மறைக்க என்ன இருக்கு? பேங்க்காரங்க முன்னாடி சொன்னேன். பேப்பர்ல வந்துச்சு. அப்புறம் கேள்வித்தாள்லயும் வந்துச்சு. மூவாயிரம் பேர் படிச்சாங்க, ஒருத்தர்கூடத் தப்பா எடுத்துக்கல. உன்னைத் தவிர. இந்த நாட்டுல வாசிப்போட தரம் அப்படி. அதை வளர்த்தது நாங்க."

கழகத்தார் தலையசைத்தார்கள்.

அப்படியானால் நாற்காலி என்பது சரியான விடைதானே என்று எனியோனம் கேட்டாள்.

பயிற்சிப் பிரிவின் சார்பில் வந்திருந்த லாம்ப்டி எழுந்தார். தன் மாணவிக்காக அவமானப்படுவதாகச் சொல்லிவிட்டு விளக்கினார். நாற்காலி இல்லை என்று தச்சன் சொன்னால் நாற்காலி இல்லை என்று பொருள். நீதியரசர் சொன்னால் அதே பொருளை எப்படிக் கொள்வது? நீதியரசரையும் தச்சனையும் ஒன்றாக்குவதாகாதா? ஆகவே நாற்காலி இங்கே ஓர் உருவகம். எதற்கு உருவகம் என்று கழகம் இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும் வரை அது வாசிப்புப் பழக்கத்தைக் குறிக்கும்.

டொன்கோருக்கு அது பிடித்திருந்தது. தன் உரையில் இத்தனை இருப்பது தனக்கே இன்றுதான் தெரிகிறது என்றார். பிறகு எனியோனத்தைப் பார்த்தார்.

"நாற்காலிதான் குறைன்னா, வீட்டிலேர்ந்து ஒண்ணு தூக்கிட்டு வந்து போடேம்மா. சேத்துக்கிறோம்."

கழகத்தார் சிரித்தார்கள். சுருக்கெழுத்தாளர் அதையும் எழுதினார். எனியோனம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை அவள் நாற்காலியோடு வந்தாள். நசவாம் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் அவள் உட்கார்ந்த நாற்காலி. மர நாற்காலி. உட்காரும்போது கிரீச்சென்று ஒலிக்கும். "கொண்டு போ, எப்படியும் பந்தயக்காரன் பிளாஸ்டிக்தான் போடுவான்" என்று சீனியர் சொல்லியிருந்தார். ட்ரோட்ரோ வேனின் கூரையில் அதைக் கட்டி, குன்றின் அடிவாரத்தில் இறக்கி, தலையில் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

வாயிற்காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"யாரையும் இல்லண்ணே. உட்காரணும்."

அவர் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார். நாற்காலிகளை வெளியே கொண்டுபோகத்தான் அனுமதிச் சீட்டு வேண்டும், உள்ளே கொண்டுவருவதைப் பற்றித் தனக்கு உத்தரவு எதுவும் இல்லை என்று கவலையோடு சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

கழகம் அவசரமாகக் கூடியது. நீதியரசரின் வாக்குறுதி சுருக்கெழுத்துக் குறிப்பில் இருந்தது. பக்கத்திலேயே சிரிப்பும் இருந்தது. சிரிப்போடு கூடிய வாக்குறுதி செல்லுமா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். செல்லாது என்றால், வங்கி விழாவில் தலைவர் சிரிப்போடு சொன்ன எதுவும் செல்லாமல் போகும். தேர்வில் அதிலிருந்து இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. செல்லும் என்றால் கீழே வாசலில் ஒரு பெண் நாற்காலியோடு நிற்கிறாள்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலியைக் கூட்டத்தின் நடுவில் வைக்கச் சொன்னார்கள். அதில் அவள் உட்காரப் போனபோது, உட்காரக் கூடாது, விசாரணையில் இருக்கிறது என்றார்கள்.

லாம்ப்டி நாற்காலியைப் பார்க்காமல் பேசினார். பார்த்தால் அதை ஒப்புக்கொண்டதாக ஆகும்.

"மை லார்ட், இந்தப் பொண்ணைச் சேத்துக்கிட்டா, நாற்காலி வந்ததால சேந்தான்னு ஆகுது. அப்ப பன்னிரண்டாவது கேள்விக்கு (ஈ) சரி. (ஈ) சரின்னா (அ) தப்பு. நம்ம இருநூத்தி எண்பது பேரும் (அ) எழுதினவங்க. அவங்களுக்குப் புரியலன்னு ஆகுது. புரியாதவங்களை வச்சுக்க முடியாது, அனுப்பணும். அனுப்பினா இருநூத்தி எண்பது நாற்காலியும் காலி. காலியா இருந்தா நாற்காலிப் பற்றாக்குறை எங்க இருக்கு? அப்ப (ஈ) தப்பு."

கழகத்தார் ஐந்து பேரும் அந்த வாதத்தை மனத்துக்குள் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, திருப்தியோடு தலையசைத்தார்கள். நீதியரசர் தன் நாற்பது ஆண்டு நீதித் துறை வாழ்க்கையில் இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை என்றார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

எனியோனம் ஒன்று கேட்க அனுமதி கோரினாள்.

"உட்கார இடம் இருக்கு, மை லார்ட். என் இடத்தை நானே தூக்கிட்டு வந்துட்டேன். எனக்கு என்னதான் குறை?"

"இதுதாம்மா குறை" என்றார் டொன்கோர் கனிவாக. "சொன்னதை அப்படியே எடுத்துக்கிற. நீ வக்கீலாகி, கோர்ட்டுல நாங்க சொல்றதை எல்லாம் இப்படியே எடுத்துக்கிட்டா, இந்த நாடு என்ன ஆகும்?"

தீர்ப்பு அன்று மாலையே சொல்லப்பட்டது. மேல்முறையீடு தள்ளுபடி. மூன்று வாய்ப்புகளும் முடிந்துவிட்டதால் தேர்வர் இனி விண்ணப்பிக்க இயலாது. நாற்காலி, கழகத்தின் புரிதலுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட சான்றுப்பொருள் என்பதால் கழகத்தின் பொறுப்பில் இருக்கும். வாயிற்காவலர் அதன் கால் ஒன்றில் அட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

எனியோனம் வெறுங்கையோடு குன்றிலிருந்து இறங்கினாள்.

சான்றுப்பொருள்களை வைக்கும் அறை கழகத்தில் இல்லை. அதுவரை யாரும் கழகத்தில் சான்று எதையும் காட்டியதில்லை. ஆகவே நாற்காலியைப் பெரிய மண்டபத்தில் கடைசி வரிசையில் போட்டு வைத்தார்கள்.

வகுப்புகள் தொடங்கிய வாரத்தில் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. விடைத்தாள்களை மறுபரிசீலனை செய்ததில் மேலும் ஒரு தேர்வர் உரிய புரிதலை அடைந்திருப்பது கண்டறியப்பட்டது. தேறியோர் எண்ணிக்கை இருநூற்று எண்பத்தொன்று. கழக வரலாற்றிலேயே இதுதான் மிக அதிகம். நாட்டின் வாசிப்புத் திறன் மேம்பட்டு வருவதற்கு இது அசைக்க முடியாத சான்று என்று அதில் டாக்டர் லாம்ப்டி கூறியிருந்தார்.

அன்று மாலை ஃபூசேனி தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான துள்ளல் அவன் குரலில் இல்லை. புதிதாக வந்திருப்பவள் லாம்ப்டியின் அக்காள் மகள் என்றான்.

"நல்ல பொண்ணுதான்க்கா. ஆனா நாற்காலி சத்தம் போடுதாம். வேற குடுங்கன்னு கேட்டுக்கிட்டிருக்கா."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"



"நான் என்னக்கா சொல்றது. நான் (அ) எழுதினவன்."

நசவாமில் சீனியர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். பந்தயக் கடைக்காரன் வாசலில் பச்சை வண்ணம் அடிக்கத் தொடங்கியிருந்தான். எனியோனம் ஒரு சனிக்கிழமை கொஃபோரிடுவாவுக்குப் போனாள். வாசிப்புப் புரிதல் மேம்பாட்டுப் பிரிவில் புதிதாகத் தோற்றவர்கள் எழுந்து நின்று யாருடைய பட்டங்களையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடியும் வரை காத்திருந்தாள்.

லாம்ப்டி அவளை அன்போடு வரவேற்றார். அவள் சுற்றிவளைக்கவில்லை. ஒரு நாற்காலி கூடியது, ஒருவர் கூடுதலாகத் தேறினார், அந்த நாற்காலி தன்னுடையது என்றாள். இப்போதாவது (ஈ) சரியா என்று கேட்டாள்.

"இன்னும் சிறு புரிதல்லயே நிக்கிற" என்றார் லாம்ப்டி.

அப்படியானால் நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். அது மட்டும் போதும்.

அதில் தனக்கு எந்த மறுப்பும் இல்லை என்றார் லாம்ப்டி. ஆனால் அது சான்றுப்பொருள். விடுவிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவர் அங்கியோடு கழகத்தின் முன் வந்து, உரிய முறையில் மனுச் செய்ய வேண்டும். வேறு யாரும் கேட்க முடியாது.

சொல்லிவிட்டு, அவளுக்கு யாராவது வழக்கறிஞரைத் தெரியுமா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.